பம்பிங் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால்: எக்கோவில் தேட வேண்டியவை

ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கையைக் கையில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். இடது கீழறை தன்னிடம் நிறைந்துள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று சொல்லும் அந்த எண்ணை மருத்துவர்கள் ஈ.எஃப். என்பார்கள்; மற்றவர்கள் பம்பிங் என்பார்கள். அது 60 சதவீதம் என்று வந்துவிட்டால் இதயத்தில் குறை ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து, மூச்சு வாங்குவதற்கான காரணத்தை நுரையீரலிலோ, இரத்தசோகையிலோ, உடல் எடையிலோ, வயதிலோ தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். எக்கோ பதிவுகளைப் படித்து அறிக்கை எழுதுவது என் அன்றாடப் பணி என்பதால், அந்த ஓர் எண் எத்தனை பேரைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈ.எஃப். 50 சதவீதமாகவோ அதற்கு மேலாகவோதான் இருக்கிறது. அவர்களுடைய இதயம் நன்றாகவே சுருங்குகிறது. விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் அதற்குச் சிரமம். இதைத்தான் டயஸ்டோலிக் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ எதுவும் இல்லாமல், பொதுப் பரிசோதனைக்காக எக்கோ எடுத்துக்கொண்ட ஒருவர், அறிக்கையின் கடைசியில் "முதல் நிலை டயஸ்டோலிக் குறைபாடு" என்ற வரியைப் பார்த்துவிட்டு, தம் இதயம் செயலிழக்கத் தொடங்கிவிட்டது என்று எண்ணி உறக்கத்தை இழக்கிறார். நோய் உள்ளவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு உண்டு என்றும் தோன்றச் செய்யும் இந்த இரண்டு தவறுகளும், எக்கோவில் விரிவை எப்படி அளக்கிறோம் என்பது தெளிவாக விளக்கப்படாததால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

சுருங்கி முடித்த தசை தானாகவே தளர்ந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் சுருக்கத்தின்போது தசைச் செல்லுக்குள் பரவிய கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பிடத்துக்குள் இறைத்து ஏற்றினால்தான் தசை தளர முடியும். அந்த வேலைக்கு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. நலமான இளம் இதயத்தில் இது மிக விரைவாக நடப்பதால் கீழறையின் அழுத்தம் சட்டென்று வீழ்ந்து, மேலறையிலுள்ள இரத்தத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. பல ஆண்டு நீடித்த இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன், முதுமை ஆகியவற்றால் தளர்வு மெதுவாகிறது. தசை தடித்து, நார்த்திசு கூடி, அறையின் சுவரும் விறைத்துவிடுகிறது. விறைத்த அறைக்குள் அதே அளவு இரத்தம் நுழைய வேண்டுமானால் கூடுதல் அழுத்தம் தேவை. அந்தக் கூடுதல் அழுத்தம் இடது மேலறையிலும், அங்கிருந்து நுரையீரல் சிரைகளிலும், கடைசியில் நுரையீரலின் நுண்குழாய்களிலும் பின்னோக்கி ஏறுகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கவைப்பது இந்த அழுத்தம்தான்.

ஆகவே நாம் அறிய விரும்புவது இடது மேலறையின் அழுத்தத்தை. அதை நேரடியாக அளப்பதற்கு, சிரை வழியாக வலது இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டும். அதன் நுனி அங்குள்ள சிறு கிளையொன்றை அடைத்து நிற்கும்போது கிடைப்பது ஆப்பு அழுத்தம்; அது இடது மேலறையின் அழுத்தத்தைப் பிரதிபலிக்கும். அது ஓய்வில் 15 மி.மீ. பாதரசத்தையும், உடற்பயிற்சியின்போது 25 மி.மீ. பாதரசத்தையும் எட்டினால் நோய் உறுதியாகிறது. மூச்சு வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்வது இயலாது. எக்கோ அழுத்தத்தை அளப்பதில்லை. இரத்தமும் தசையும் நகரும் வேகத்தையும், அறைகளின் அளவையும்தான் அளக்கிறது. அவற்றிலிருந்து அழுத்தத்தை ஊகித்து அறிகிறோம். இந்த ஊகத்தின் பலமும் பலவீனமும் தெரிந்தால்தான் அறிக்கையைச் சரியாகப் படிக்க முடியும்.

1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்திலுள்ள விரிசல்களைக் கண்டறியப் பயன்பட்ட ஒரு கருவியைக் கொண்டு, துடிக்கும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலில் பதிவு செய்தார்கள். இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறை பின்னர் அதனுடன் சேர்ந்தது. விரிவைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றில் பெரும்பங்கு டாப்ளர் தந்தது.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ் நுனிகளுக்கு நடுவே டாப்ளரின் அளவிடும் புள்ளியை வைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கூர்முனைகள் திரையில் எழும். வால்வு திறந்தவுடன் இரத்தம் பாய்ந்து இறங்குவது ஈ அலை. விரிவின் இறுதியில் மேலறை சுருங்கி எஞ்சியதைத் தள்ளுவது ஏ அலை. நலமான இளைஞருக்கு ஈ உயரமாகவும் ஏ தாழ்வாகவும் இருக்கும். தளர்வு மெதுவாகும்போது தொடக்கப் பாய்ச்சல் தளர்ந்து ஈ குறைகிறது. மேலறை கூடுதலாக உழைப்பதால் ஏ உயர்கிறது. ஈ-யை ஏ-யால் வகுத்து வரும் விகிதம் 0.8-க்குக் கீழே போய், ஈ-யின் வேகமும் நொடிக்கு 50 செ.மீ.க்குள் இருந்தால், தளர்வு மந்தமாக இருந்தாலும் ஓய்வு நிலையில் மேலறை அழுத்தம் உயரவில்லை என்று பொருள். மேலே சொன்ன "முதல் நிலை" இதுதான்.

நோய் முற்றும்போது நேர்வது பலரைக் குழப்பிவிடுகிறது. மேலறை அழுத்தம் ஏறியதும், தளர்வு மந்தமாக இருந்தபோதிலும், அந்த உயர்ந்த அழுத்தமே இரத்தத்தை வேகமாகக் கீழே தள்ளிவிடுகிறது. ஈ அலை மீண்டும் உயர்ந்து, விகிதம் 1-க்கு மேலே வந்து, படம் முழுக்க நலமான இதயத்தைப் போலவே தோன்றுகிறது. இதைப் போலி இயல்பு நிலை என்கிறோம். இது இரண்டாம் நிலை. அழுத்தம் இன்னும் ஏறினால் ஈ அலை ஊசியாக எழுந்து விரைந்து வீழ்கிறது, ஏ அலை சிறுத்துவிடுகிறது, விகிதம் 2-ஐத் தாண்டுகிறது. அது மூன்றாம் நிலை. மைட்ரல் ஓட்டத்தின் இந்த வடிவங்களுக்கும் கீழறைக்குள் நேரடியாக அளந்த அழுத்தங்களுக்கும் உள்ள தொடர்பை 1988-ல் ஆப்பிள்டன், ஹாட்லே, பாப் ஆகிய மூவரும் தெளிவாக்கினார்கள். ஈ-ஏ விகிதத்தை மட்டும் நம்பினால் நோயின் நடுப்பகுதி முழுவதும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதும் அப்போதிருந்தே தெரிந்த ஒன்று. அப்படியிருந்தும் அந்த ஒற்றை விகிதத்தை மட்டும் எழுதி முடித்துவிடும் அறிக்கைகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

போலியை வெளிப்படுத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மூச்சை அடக்கி வயிற்றை முக்கச் சொன்னால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து மேலறை அழுத்தம் சற்று நேரம் தணிகிறது. அப்போது விகிதம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ வீழ்ந்தால், முன்பு பார்த்த இயல்பான படம் உயர்ந்த அழுத்தத்தால் வந்தது என்று தெரிகிறது. ஆனால் முதியவர்களும் மூச்சு வாங்குபவர்களும் இதைச் சரியாகச் செய்வது கடினம்.

அதைவிடச் சிறந்த வழி திசு டாப்ளர். இரத்தத்தின் வேகத்தை விட்டுவிட்டு, மைட்ரல் வால்வின் வளையம் விரிவின் தொடக்கத்தில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை அது அளக்கிறது. இந்த வேகத்துக்கு ஈ பிரைம் என்று பெயர். மேலறை அழுத்தம் ஏறினால் ஈ ஏறும். ஆனால் தளர்வு மந்தமாகிவிட்ட இதயத்தில் ஈ பிரைம் அப்படி ஏறி ஏமாற்றுவதில்லை. இரு கீழறைகளுக்கும் இடையிலான உள்சுவரின் பக்கம் நொடிக்கு 7 செ.மீ.க்குக் குறைவாகவோ, வெளிச்சுவரின் பக்கம் 10 செ.மீ.க்குக் குறைவாகவோ இருந்தால் தளர்வில் குறை உண்டு. ஈ-யை ஈ பிரைமால் வகுத்தால் கிடைக்கும் எண் மேலறை அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்பதை 1997-ல் ஷெரீஃப் நாகே குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரு பக்கங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட எண் 14-ஐத் தாண்டினால் அழுத்தம் உயர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. 8-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உயரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நோயாளிகளில் பலர் இருக்கிறார்கள் என்பது இந்த முறையின் பெரிய குறை. மைட்ரல் வளையத்தில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கும், செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ வைத்தவர்களுக்கும், இடது கீழறைக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் பாதையில் தடை (இடது கட்டுக்கிளை அடைப்பு) உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை நம்புவதற்கில்லை.

இடது மேலறையின் கொள்ளளவை நான் தனிக் கவனத்தோடு அளப்பேன். மற்ற அளவீடுகள் அந்த நேரத்து அழுத்தத்தைக் காட்டுபவை. சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை ஒன்றைக் காலையில் விழுங்கியிருந்தாலே அவை மாறிவிடும். மேலறையோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தாங்கிய அழுத்தத்தால் பெரிதாகிறது. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல் இருந்தால் அது விரிந்த மேலறை. மைட்ரல் வால்வில் நோய் இல்லாமல், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பும் இல்லாமல், கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரராகவும் இல்லாத ஒருவருக்கு மேலறை விரிந்திருந்தால், அதற்கு விளக்கம் காணாமல் அறிக்கையை முடிக்கக் கூடாது.

நான்காவது தடயம் வலப்பக்கம் இருக்கிறது. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் இடையிலுள்ள டிரைகஸ்பிட் வால்வில் நலமானவர்கள் பலருக்கும் சிறு கசிவு உண்டு. அந்தக் கசிவின் வேகத்தை இரண்டாம் படிக்கு உயர்த்தி நான்கால் பெருக்கினால், வலது கீழறைக்கும் மேலறைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 2.8 மீட்டர் என்றால் அது ஏறத்தாழ 31 மி.மீ. பாதரசம். இதற்கு மேல் போனால், நுரையீரல் நோயோ இரத்தக் கட்டியோ காரணமில்லாதபோது, இடப்பக்க அழுத்தம் பின்னோக்கி ஏறியிருப்பதாகக் கொள்ளலாம்.

அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ அமைப்புகள் 2016-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஈ.எஃப். இயல்பாக உள்ளவர்களிடம் இந்த நான்கையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னது: ஈ பிரைம், ஈ-ஈ பிரைம் விகிதம், மேலறைக் கொள்ளளவு, டிரைகஸ்பிட் கசிவின் வேகம். அதன்படி, பாதிக்கு மேற்பட்டவை பிறழ்ந்திருந்தால் டயஸ்டோலிக் குறைபாடு உண்டு. பாதிக்குக் குறைவென்றால் இல்லை. சரிபாதி என்றால் முடிவு சொல்ல இயலாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரத்தக் கொதிப்புக்கு நெடுநாள் மருந்து எடுக்கும் 68 வயதுப் பெண்ணுக்கு ஈ.எஃப். 62 சதவீதம், ஈ 80, ஏ 70, விகிதம் 1.1. இதுவரை எல்லாம் இயல்பு. ஈ பிரைம் உள்சுவரில் 5, வெளிச்சுவரில் 6; சராசரி 5.5, ஆகவே ஈ-ஈ பிரைம் 14.5. மேலறை சதுர மீட்டருக்கு 41 மி.லி.; கசிவின் வேகம் 2.9 மீட்டர். நான்கும் பிறழ்ந்துள்ளன. படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்வதற்கு வயது காரணம் என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

எல்லாருக்கும் இப்படித் தெளிவாக அமைவதில்லை. இதே வயதில் இன்னொருவருக்கு ஈ பிரைம் 6, ஈ 65, விகிதம் 11-க்குச் சற்றுக் கீழே, மேலறை 36 மி.லி., கசிவின் வேகம் 2.5 மீட்டர் என்று வரலாம். இரண்டு பிறழ்வு, இரண்டு இயல்பு. நோயின் தொடக்கக் காலத்தில் பெரும்பாலோர் நிற்பது இந்த இடத்தில்தான். படுத்திருக்கும்போது மூச்சு வாங்காத ஒருவரைப் படுக்கவைத்தே சோதித்துவிட்டு ஒன்றும் தென்படவில்லை என்று சொல்வது முறையாகாது. நாடித்துடிப்பு 75 என்னும்போது இதயம் விரிந்து நிரம்புவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கிடைக்கிறது. துடிப்பு ஏற ஏற, சுருக்க நேரத்தைவிட விரிவு நேரமே பெரிதும் குறைகிறது. மந்தமாகத் தளரும் இதயம் அந்தக் குறைந்த நேரத்தில் நிரம்ப முடியாமல் அழுத்தத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே இவரைச் சாய்வுப் படுக்கையில் மிதிவண்டி மிதிக்கச் செய்து, மூச்சு வாங்கும் கணத்தில் அளக்க வேண்டும். ஈ 105 ஆகவும் ஈ பிரைம் 6.5 ஆகவும் வந்தால் விகிதம் 16-ஐத் தாண்டிவிடும். கசிவின் வேகமும் 3.3 மீட்டர் ஆகிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. நலமான இதயத்தில் ஈ ஏறும்போது ஈ பிரைமும் சேர்ந்து ஏறுவதால் விகிதம் பெரிதாக மாறாது. இந்த உடற்பயிற்சி எக்கோ வேண்டிய அளவுக்குக் கேட்கப்படுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குறைபாடு வேறு, செயலிழப்பு வேறு. முதல் நிலை என்ற வரியைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வயது ஏற ஏற ஈ பிரைம் இயல்பாகவே குறைகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் மிகப் பலருக்கு ஈ-யைவிட ஏ உயரமாக இருக்கும். மூச்சுத் திணறல், களைப்பு, கால் வீக்கம் போன்ற அறிகுறிகளும், அழுத்தம் உயர்ந்ததற்கான சான்றும் சேர்ந்தால்தான் அது இதயச் செயலிழப்பு. முதல் நிலை மட்டும் உள்ளவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது உண்மை. அவர் இதய நோயாளி ஆகிவிட்டார் என்பது உண்மையன்று.

எக்கோவின் எண்களை நோயாளியின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பதற்கு, மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை உதவுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 3. உடல் நிறை எண் 30-ஐத் தாண்டினால் 2. இரத்தக் கொதிப்புக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ மருந்துகள், 60-க்கு மேற்பட்ட வயது, நுரையீரல் தமனி அழுத்தம் 35-க்கு மேல், ஈ-ஈ பிரைம் 9-க்கு மேல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 6-ஐ எட்டினால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 0 அல்லது 1 என்றால் வேறு காரணத்தைத் தேடலாம். ஒன்பதில் இரண்டே மதிப்பெண்கள்தாம் எக்கோவிலிருந்து வருகின்றன என்பதை எக்கோ எடுப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். இதயத்தின் அழுத்தம் ஏறும்போது உயரும் என்டி-புரோபிஎன்பி என்னும் பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் துணை செய்யும். ஆனால் உடல் பருமன் உள்ளவர்களிடம் அதன் அளவு குறைந்தே காட்டுவதால், அது இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நோயை விலக்கக் கூடாது.

ஒரே தோற்றத்தில் வரும் வேறு நோய்களையும் எக்கோதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சுவர்கள் தடித்திருக்க, ஈசிஜியில் மின்னலைகள் அதற்கேற்ற உயரமின்றிச் சிறுத்திருந்தால், அமிலாய்டு என்னும் பிறழ்ந்த புரதம் படிந்த இதயமோ என்று ஐயுற வேண்டும். தசை எவ்வளவு சுருங்கிக் குறுகுகிறது என்பதைக் காட்டும் ஸ்ட்ரெயின் அளவீட்டில் இதயத்தின் அடிப்பகுதி சோர்ந்து, நுனி மட்டும் நன்றாகச் சுருங்குவது அதன் அடையாளம். இதயத்தைச் சூழ்ந்த உறை இறுகிப்போன நோயில் ஈ பிரைம் குறையாமல், உள்சுவர்ப் பக்கம் கூடியும் காணப்படும். அங்கே ஈ-ஈ பிரைம் விகிதத்தை வைத்து அழுத்தம் இயல்பு என்று எழுதினால், அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒருவரைக் கைவிட்டதாகும்.

இத்தனையும் அளப்பவரின் கையைப் பொறுத்தவை. அளவிடும் புள்ளி இதழ் நுனியிலிருந்து வளையத்தை நோக்கிச் சற்று நகர்ந்தாலும் ஈ குறைந்துவிடும். ஒலிக்கற்றை ஓட்டத்தின் திசைக்குச் சாய்ந்தால் எல்லா வேகங்களும் குறைந்தே தெரியும். மேலறையின் படம் குறுக்கி எடுக்கப்பட்டால் விரிந்த மேலறையும் இயல்பாகிவிடும். மூச்சை வெளியே விட்ட நிலையில், பல துடிப்புகளை அளந்து, சராசரி எடுக்க வேண்டும். தாறுமாறான துடிப்பு உள்ளவரிடம் ஏ அலையே இல்லாததால் இன்னும் பொறுமை வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாகத் தேடுவதற்கு இன்று வலுவான காரணம் இருக்கிறது. நெடுங்காலம் இந்த நோய்க்கு, தேங்கிய நீரை இறக்குவதைத் தவிர, பலன் உறுதியாக நிறுவப்பட்ட மருந்து இல்லை. 2021-ல் எம்பாகிளிஃப்ளோசின், 2022-ல் டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள், இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர நேர்வதை இந்த நோயாளிகளிடமும் குறைக்கின்றன என்பது பெரிய ஆய்வுகளில் தெரியவந்தது. கண்டுபிடித்தால்தான் அவை கிடைக்கும்.

சிகிச்சை தொடங்கிய பின் மறுபடியும் எக்கோ எடுக்கும்போது, எது மாறும், எது மாறாது என்பதையும் நோயாளிக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது. தேங்கிய நீர் இறங்கியதும் ஈ-யின் வேகமும் டிரைகஸ்பிட் கசிவின் வேகமும் சில நாட்களிலேயே தணியலாம். மேலறை சுருங்குவதாக இருந்தால் அதற்கு மாதங்கள் ஆகும். ஈ பிரைம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. அதனால் நான் மறு அறிக்கை எழுதும்போது பழைய எண்களைப் பக்கத்தில் குறித்து, அன்றைய எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றோடு, நீர் பிரியவைக்கும் மாத்திரை எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.